துகள்களை நடுவரிசைக்குக் கொண்டுவந்த மீயொலி: ஒரு கேப்பிலரி சென்சார் கட்டிய பதிவு

நீரில் மிதந்து வரும் நுண்துகள்களை எண்ணுவதற்கு ஒரு சிறிய ஒளி சென்சார் கட்டியிருந்தேன். சதுரக் கண்ணாடிக் கேப்பிலரியின் (மிக மெல்லிய குழாயின்) ஒரு பக்கம் லேசர், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை மின்சைகையாக்கும் போட்டோடையோடு. துகள் லேசரைக் கடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், மின்சைகையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு பள்ளம் விழும். பள்ளங்களை எண்ணினால் துகள்களை எண்ணியதாகிவிடும்.

கேப்பிலரியின் உள் அகலம் 400 மைக்ரான். லேசர் புள்ளியின் விட்டம் 30 மைக்ரான். துகள்கள் குழாய் முழுக்கப் பரவி ஓடுவதால் பெரும்பாலானவை லேசரைத் தொடாமலே ஓரமாகப் போய்விடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழு துகளுக்கு ஒன்றுதான் கண்ணில் படும். அந்த ஒன்றும் புள்ளியின் நடுவில் போனால் ஆழமான பள்ளம், விளிம்பைத் தொட்டுப் போனால் ஆழமில்லாத பள்ளம். ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகளைச் சோதனைக்குப் போட்டாலும் சென்சார் பத்து விதமான அளவுகளைச் சொல்லும்.

லேசர் புள்ளியைப் பெரிதாக்கினால் தீராதா? 30 மைக்ரான் புள்ளியில் 10 மைக்ரான் மணி ஏறக்குறைய 11 சதவீத வெளிச்சத்தை மறைக்கும். புள்ளியை 400 மைக்ரானுக்கு விரித்தால் அதே மணி மறைப்பது 0.06 சதவீதம். லேசரின் சொந்த இரைச்சலே அதைவிட அதிகம். குழாயை ஒடுக்கலாம், ஆனால் 50 மைக்ரான் குழாய் ஒரு தூசிக்கே அடைத்துக்கொள்ளும். செல்களை ஓடவிட்டு ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர்களில் வழக்கமாகச் செய்வது, மாதிரியைச் சுற்றி இன்னொரு நீரோட்டத்தை வேகமாக விட்டு, மாதிரியை நடுவில் மெல்லிய இழையாக நெருக்குவது. நல்ல வழிதான். அதற்கு இரண்டாவது பம்ப் வேண்டும், நிறையச் சுத்த நீர் வேண்டும், துகள்களும் மிக வேகமாகப் பறக்கும். எனக்கு வேண்டியது, துகள்கள் மெதுவாகவே வரட்டும், ஆனால் நடுவிலேயே வரட்டும் என்பது. அதை மீயொலியால், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால், செய்ய முடியும். அட்டூன் என்ற சைட்டோமீட்டர் வரிசை இந்த உத்தியில்தான் இயங்குகிறது.

நடுவுக்குத் தள்ளுவது எது

குழாயின் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும்படி ஒலியைக் கொடுத்தால் அது நிலை அலையாக நிற்கும். கண்ணாடிச் சுவரை ஒட்டி அழுத்தம் அதிகபட்சமாக ஏறி இறங்கும். நடுக்கோட்டில் அழுத்தம் அசையவே அசையாது. அந்தக் கோடுதான் அழுத்தக் கணு. நீரைவிட அடர்த்தியும் விறைப்பும் கூடிய துகளை இந்த அலை கணுவை நோக்கித் தள்ளும். இதன் கணக்கை யோசியோகாவும் கவாசிமாவும் 1955-இல் கொடுத்தார்கள், கோர்கோவ் 1962-இல் பொதுவான வடிவுக்குக் கொண்டுவந்தார். துகளின் அடர்த்தியும் அமுக்கத்தன்மையும் நீரிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரே எண்ணில் சுருக்கிச் சொல்கிறது ஒலி வேறுபாட்டுக் காரணி. நீரில் உள்ள பாலிஸ்டைரீனுக்கு அது ஏறக்குறைய 0.17. நேர்க்குறி என்றால் துகள் கணுவுக்குப் போகும், எதிர்க்குறி என்றால் சுவருக்கு.

கட்டுபவருக்கு இதில் முக்கியமானது ஒன்று. விசை துகளின் கன அளவைப் பொறுத்தது, நீரின் இழுவையோ ஆரத்தைப் பொறுத்தது. ஆகவே நகரும் வேகம் ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 5 மைக்ரான் மணியைவிட 10 மைக்ரான் மணி நான்கு மடங்கு வேகமாக நடுவுக்கு வரும், 1 மைக்ரான் துகளோ இருபத்தைந்து மடங்கு மந்தம். பின்னால் 1 மைக்ரான் மணிகளில் வரும் சிக்கலுக்கு மூலம் இதுதான்.

அதிர்வெண் கணக்கு எளிது. 25 டிகிரி செல்சியஸில் நீரில் ஒலி நொடிக்கு 1497 மீட்டர் போகிறது. அரை அலைநீளம் 0.4 மி.மீ. என்றால் 1.87 மெகாஹெர்ட்ஸ். பீசோ தகடு என்பது மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீங்கான். சுமார் 1 மி.மீ. தடிமன் கொண்ட பிசெட்டி வகைத் தகட்டின் தடிமன் ஒத்ததிர்வு (அது மிகப் பலமாக அதிரும் அதிர்வெண்) 2 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், எனவே அதையே எடுத்துக்கொண்டேன்.

சுவருக்கு ஏன் கண்ணாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுண்பாய்மச் சில்லுகளை வார்க்க எல்லாரும் பயன்படுத்தும் பிடிஎம்எஸ் ரப்பரின் ஒலி மறுப்பு (ஒலி அலைக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு) நீருக்கு மிக நெருக்கமானது. ஒலி அதில் பட்டால் திரும்பாமல் உள்ளே போய் அங்கேயே சூடாக மாறிவிடும். கண்ணாடியின் மறுப்பு நீரைப் போல எட்டு மடங்குக்கு மேல் இருப்பதால் ஒலி நன்றாகத் திரும்பி வரும், நிலை அலை கட்டும். சிலிக்கான் இன்னும் நல்லது, ஆனால் அதன் வழியே லேசரைப் பார்க்க முடியாது.

ஒட்டும் வேலை

பீசோ தகடு 20 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம். கீழ்ப்பக்க மின்முனை விளிம்பில் மடங்கி மேலே வரும் வகையை எடுத்தால் இரண்டு கம்பிகளையும் ஒரே பக்கத்தில் பற்றவைக்கலாம். பற்றவைக்கும் சூட்டில் கவனம் வேண்டும். பிசெட்டி தன் அதிரும் குணத்தை முழுக்க இழக்கும் கியூரி வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல் என்றாலும், அதன் பாதியைத் தாண்டி நீடித்தாலே அந்தக் குணத்தைத் தரும் முனைவாக்கம் தளர ஆரம்பிக்கும். ஃப்ளக்ஸ் தடவி, இரும்பு முனையை ஒரு நொடி தொட்டு எடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கேப்பிலரியைத் தகட்டின் மேல் ஒட்டுவதில்தான் இந்தக் கருவியின் தரம் பாதி இருக்கிறது. முதலில் மருத்துவ அல்ட்ராசவுண்ட் ஜெல்லை வைத்துச் சோதித்தேன். உடனே வேலை செய்யும், கழற்றுவதும் எளிது. ஆனால் ஜெல் உலர உலர ஒத்ததிர்வு இடம் மாறிக்கொண்டே போகும், காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்ததும் ஒத்துவராது. சோதனைக்கு மட்டும் ஜெல், நிரந்தரத்துக்கு நீர்போல ஓடும் வகை சயனோஅக்ரிலேட் பசை என்று முடிவு செய்தேன்.

தகட்டையும் கேப்பிலரியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டேன். கேப்பிலரியைச் சரியான இடத்தில் வைத்து, இரண்டு முனைகளிலும் மெதுவாக அழுத்திப் பிடித்தபடி, ஒரு ஓரத்தில் ஊசி முனையால் பசைத் துளியை வைத்தேன். பசை தானாகவே இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் மேலிருந்து சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், பசை ஈரமாக்கிய இடம் கறுத்துத் தெரியும், காற்று நின்றுபோன இடம் வெள்ளிபோலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எங்கேயாவது மிச்சம் இருந்தால் அங்கே ஒலி கேப்பிலரிக்குள் ஏறாது. பசை இறுகுவதற்குள் கேப்பிலரியை ஒரு முடி அளவு முன்னும் பின்னும் நகர்த்தினால் காற்று ஓரத்துக்கு வந்து வெளியேறிவிடும். பசைப் படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது.

தகட்டின் கீழ்ப்பக்கம் காற்றில்தான் இருக்க வேண்டும், கெட்டியான பரப்பில் ஒட்டிவிட்டால் அதிர்வு அந்தப் பக்கம் ஓடிப்போகும். ஆனால் சூட்டையும் வெளியேற்ற வேண்டும். எனவே யு வடிவ அலுமினியத் துண்டின் இரு கரைகள்மீது தகட்டின் இரண்டு முனைகளும் 2 மி.மீ. மட்டும் அமரும்படி வெப்பம் கடத்தும் பசை தடவி வைத்தேன். அலுமினியத்துக்கு அடியில் மின்சாரத்தால் குளிர்விக்கும் ஒரு பெல்டியர், பக்கத்தில் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மிஸ்டர்.

மின்பக்கம் சுருக்கமாக. அலையை உண்டாக்குவது ஏடி9833 சில்லு. அதன் வெளியீடு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, எனவே பின்னால் டிஎச்எஸ்3091 ஆம்ப்ளிஃபையர். தகட்டின் மின்தேக்கம் 1 நானோஃபாரடுக்குச் சற்று மேல், இந்த அதிர்வெண்ணில் 70 ஓம் அளவுக்கு எதிர்வினை காட்டும். உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 20 வோல்ட் கொடுத்தால் 0.14 ஆம்பியர் உச்ச மின்னோட்டம், அந்த ஆம்ப்ளிஃபையர் தாங்கக்கூடியதுதான். மின்தேக்கச் சுமை அதைத் தள்ளாடவைக்காமல் இருக்க வெளியீட்டில் 10 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்தேன்.

லேசரையும் போட்டோடையோடையும் பீசோ தகடு முடிந்து 5 மி.மீ. தள்ளி வைத்திருக்கிறேன். ஒலி இல்லாத அந்த இடத்தில் துகள்கள் மறுபடி கலைந்துவிடாதா என்ற கேள்வி வரும். கலையாது. ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்பதைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் இந்தக் குழாயில் 1-ஐ ஒட்டியது, ஓட்டம் அடுக்கடுக்காகவே போகும். நடுக்கோட்டில் வந்த துகள் நடுக்கோட்டிலேயே தொடரும். 10 மைக்ரான் மணி நீரில் நொடிக்கு 3 மைக்ரான் அமிழும், லேசரை எட்டும் ஒரு நொடிச் சொச்சத்தில் அந்த இறக்கம் பொருட்டே அல்ல.

குமிழி

தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. குழாய்க்குள் ஒரு குமிழி நின்றால் அது மீயொலியை விழுங்கிவிடும், சுற்றியிருக்கும் மணிகள் எல்லாம் கணுவை மறந்து குமிழியை மொய்க்கும். எடுப்பது சுலபம். சிரிஞ்சில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, வாயை அடைத்து, பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பிடித்து, சிரிஞ்சின் உடலைத் தட்டினால் சுவரெங்கும் பொடிக் குமிழிகள் கிளம்பும். அவற்றை மேலே கூட்டி வெளியேற்றிவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். குமிழி கிளம்புவது நின்றபிறகே மணிகளைக் கலப்பேன். மணிகள் சுவரில் ஒட்டாமல் இருக்க 0.01 சதவீத ட்வீன் 20 என்ற சோப்பு போன்ற பொருள்.

அதிர்வெண்ணைத் தேடுவது

1.87 மெகாஹெர்ட்ஸ் என்பது தேடலைத் தொடங்கும் இடம், அவ்வளவுதான். இவ்வகைக் கேப்பிலரிகளின் உள் அளவில் 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். அது ஒன்றே 1.7 முதல் 2.08 மெகாஹெர்ட்ஸ் வரை இழுத்துவிடும். கண்ணாடிச் சுவரின் தடிமன், பசை, தகடு எல்லாம் சேர்ந்த மொத்த உருப்படிதான் அதிர்கிறது, நீர் மட்டும் அல்ல.

மின்பக்கம் இருந்து கண்டுபிடிக்க முயன்றேன். தகட்டுக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்துகொண்டே அதிர்வெண்ணை நகர்த்தினால், 2 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே பெரிய உச்சம் வருகிறது. அங்கே நிறுத்திப் பார்த்தால் தகடு சுடுகிறது, மணிகளோ சோம்பலாகத்தான் நகர்கின்றன. அந்த உச்சம் பீசோவினுடையது, குழாயின் நீருடையது அல்ல. நீரின் ஒத்ததிர்வு அந்த வளைவில் ஒரு சின்னச் சுருக்கமாக எங்கோ ஒளிந்திருக்கும். காலிக் குழாய்க்கும் நீர் நிரம்பிய குழாய்க்கும் வளைவை எடுத்துக் கழித்தால் அது கொஞ்சம் தெரியும். அதைவிட நம்பகமான அளவி மணிகள்தான்.

எனவே 10 மைக்ரான் மணிகளைக் கொஞ்சம் அடர்த்தியாகக் கலந்து குழாயை நிரப்பி, ஓட்டத்தை நிறுத்தி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே 1.7-இலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக ஏறினேன். நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு படியில் சுவரை ஒட்டிய மணிகள் மட்டும் லேசாக நகரும். அடுத்த படியில் இரு பக்கத்து மணிகளும் ஒரே நேரத்தில் உள்நோக்கிச் சறுக்கும், போகப் போக வேகம் கூடும், நடுவை நெருங்கும்போது அடங்கும். இரண்டு மூன்று நொடியில், பரவிக் கிடந்த புள்ளிகள் எல்லாம் ஒரே கோடாகிவிடும். மின்சாரத்தை நிறுத்தினால் கோடு அப்படியே கிடக்கும், பிறகு மெல்ல அமிழும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

நீளவாட்டிலும் ஒலி எதிரொலிப்பதால் சில அதிர்வெண்களில் கோடு அறுந்து முடிச்சு முடிச்சாகத் திரளும். அந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு, 1.89 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அறுபடாத ஒரு கோடு கிடைத்தது.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் முடிந்ததுபோலத் தெரியும். சதுரக் கேப்பிலரியின் அருமை, பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகப் பார்க்க முடிவது. வட்டக் குழாய் என்றால் அதுவே லென்சாகி எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும். பக்கவாட்டில் பார்த்தபோது அந்தக் கோடு கோடே அல்ல, உயரவாட்டில் விரிந்த ஒரு திரை. மணிகள் அகலத்தில் கூடியிருந்தன, உயரத்தில் பரவியே இருந்தன. உயரத்துக்கான ஒத்ததிர்வு 1.92-ஐ ஒட்டிக் கிடைத்தது. 400 மைக்ரானில் ஆறு மைக்ரான் வித்தியாசம் இருந்தாலே இவ்வளவு விலகல் வரும், கண்ணால் பார்த்தால் அது கச்சிதமான சதுரம்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு அதிர்வெண்ணை வைத்தால் இரண்டும் அரைகுறையாக நடக்கும். ஏடி9833 சில்லில் இரண்டு அதிர்வெண் பதிவேடுகள் இருக்கின்றன, ஒரே பிட்டை மாற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். ஒன்றில் அகலத்துக்கானது, இன்னொன்றில் உயரத்துக்கானது என்று எழுதி, 10 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறிமாறி ஓடவிட்டேன். மணிகளுக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை, அவற்றின் நகர்வு நொடிக்கணக்கில் நடப்பது. திரை சுருங்கி உண்மையான கோடாகிவிட்டது. ஒவ்வொரு திசைக்கும் பாதி நேரம்தான் கிடைக்கிறது என்பதால் ஆற்றலும் பாதி. அதை ஈடுகட்ட வோல்ட்டேஜை 1.4 மடங்கு ஏற்றினால் போதும், ஒலி ஆற்றல் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் இரட்டிப்பாகிவிடும்.

எவ்வளவு ஆற்றல் உள்ளே இருக்கிறது என்பதையும் மணிகளே சொல்லும். மணி நகர்வதைப் படம்பிடித்து, சுவரருகிலிருந்து நடுவுக்கு வர ஆகும் நேரத்தை அளந்து, விசைக் கணக்கில் திருப்பிப் போட்டால் ஒலி ஆற்றல் அடர்த்தி கிடைக்கும். கனமீட்டருக்கு 10 ஜூல் என்றால் குழாய்க்குள் அழுத்தம் 0.3 மெகாபாஸ்கல் வீச்சில் ஏறி இறங்குகிறது என்று பொருள், வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு. அந்த நிலையில் 5 மைக்ரான் மணி அதிகபட்சம் நொடிக்கு 60 மைக்ரான் வேகத்தில் போகும், சுவருக்கு 20 மைக்ரான் பக்கத்திலிருந்து கிளம்பினால் நடுவுக்கு வர 5 நொடிக்கு மேல் ஆகும். 10 மைக்ரான் மணிக்கு ஒன்றேகால் நொடி. பம்பின் வேகத்தை இதுதான் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் விட்டால் சராசரி ஓட்டம் நொடிக்கு 2 மி.மீ., 20 மி.மீ. தகட்டைக் கடக்க 10 நொடி. 50 மைக்ரோலிட்டருக்கு ஏற்றினால் 4 நொடிதான் கிடைக்கும், 5 மைக்ரான் மணிகள் வழியிலேயே நின்றுவிடும்.

சூடு

இந்தக் கருவியில் மற்ற எல்லாச் சிக்கலையும் ஒன்றாகச் சேர்த்தாலும் வெப்பநிலைக்கு ஈடாகாது. பெல்டியரை இயக்காமல் ஓடவிட்டால் ஆரம்பத்தில் கோடு அழகாக இருக்கும். சில நிமிடங்களில் தடிக்கும், பிறகு கலையும். அதிர்வெண்ணைச் சில கிலோஹெர்ட்ஸ் ஏற்றினால் மறுபடி கூடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கலையும். பீசோ சூடாகிறது, அதோடு நீரும் சூடாகிறது, நீரில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 2.7 மீட்டர் ஏறுகிறது. 1.9 மெகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 3.4 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்பதைச் சொல்லும் தரக்காரணி 200 என்றால் அதன் அகலமே பத்துக் கிலோஹெர்ட்ஸுக்குள்தான். மூன்று டிகிரி மாறினால் உச்சத்திலிருந்து கீழே விழுந்துவிடுவோம்.

நீரில் ஒலி வேகம் 74 டிகிரியை ஒட்டி உச்சத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அங்கே ஓட்டினால் இந்த நகர்வே இருக்காது. செல்களுக்கு ஆகாது, ஆனால் செல் இல்லாத வேலைகளுக்கு இதை யாராவது செய்துபார்க்க வேண்டும் என்று ஆசை.

குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் முன்னும் பின்னுமாக வேகமாக ஸ்வீப் செய்வது ஒரு மாற்று வழி. உச்சம் எங்கே நகர்ந்தாலும் ஸ்வீப் அதைத் தொட்டுப் போகும். நிலையாக வேலை செய்யும், ஆனால் பெரும்பகுதி நேரம் உச்சத்துக்கு வெளியே கழிவதால் சராசரி விசை குறையும், வோல்ட்டேஜைக் கூட்ட வேண்டும், சூடு இன்னும் ஏறும். பெல்டியரால் அலுமினியத்தை 25 டிகிரியில் பிடித்து வைப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. தெர்மிஸ்டரைத் தகட்டின்மேல் ஒட்டக்கூடாது, அது அதிர்வைத் தின்னும், தன் அளவையும் கெடுத்துக்கொள்ளும். அலுமினியத்தின் கரையில், தகட்டுக்கு மிக அருகில் வைத்தால் போதும். மீயொலியைப் போட்டபின் சில நிமிடம் காத்திருந்து, சூடு நிலைத்தபிறகு அதிர்வெண்களை இறுதி செய்ய வேண்டும்.

சென்சார் சொன்னது

மீயொலி இல்லாமல்: பள்ளங்கள் அரிதாக வந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம், அகலமும் வேறுவேறு. குழாயின் நடுவில் நீர் வேகமாகவும் சுவரருகே மெதுவாகவும் ஓடுவதால், துகள் எந்த உயரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து லேசரைக் கடக்கும் நேரமும் மாறும்.

மீயொலியைப் போட்டேன். தகட்டிலிருந்து லேசர்வரை உள்ள நீர் கடந்து போகும்வரை பழைய தாறுமாறு தொடர்ந்தது. அப்புறம் திரையில் பள்ளங்கள் நெருக்கமாக விழ ஆரம்பித்தன, எல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம். சதுரக் குழாயின் நடுக்கோட்டில் நீர் சராசரியைப் போல 2.1 மடங்கு வேகத்தில், நொடிக்கு 4.4 மி.மீ. ஓடுகிறது. 30 மைக்ரான் புள்ளியை 10 மைக்ரான் மணி கடக்க 9 மில்லிநொடி. திரையில் கண்டதும் அதை ஒட்டித்தான் இருந்தது. கணக்கும் அளவும் இப்படிக் கைகோப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலைகளில் இறங்குகிறேன்.

மணிகளின் செறிவைக் குறைவாகவே வைக்க வேண்டும். மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் என்றால் நொடிக்கு மூன்று சொச்சம் மணிகள் வரும், நடுவில் ஒரு மி.மீ.க்கு மேல் இடைவெளி. செறிவு ஏறினால் கணுவில் கூடும் மணிகள் ஒலியாலேயே ஒன்றையொன்று இழுத்து ஜோடியாக ஒட்டிக்கொள்ளும், சென்சார் இரண்டை ஒன்றாக எண்ணிவிடும்.

செல், எண்ணெய், அப்புறம் சிறியவை

மணிகளுக்குப் பின் ஈஸ்ட் செல்கள். செல்களின் வேறுபாட்டுக் காரணி பாலிஸ்டைரீனைவிடக் குறைவு, எனவே பம்பை மெதுவாக்கினேன். கோடு கொஞ்சம் தடிமனாக வந்தது. அளவு ஒரே மாதிரி இல்லாத செல்களில் சிறியவை பின்தங்குவதால் அப்படி. பள்ளங்களின் ஆழமும் பரவியிருந்தது, ஆனால் இந்தப் பரவல் செல்களின் உண்மையான அளவு வேறுபாடு, இடத்தால் வந்த குழப்பம் அல்ல. செல்கள் சாகின்றனவா என்று மெத்திலீன் நீலம் போட்டுப் பார்த்தேன். இறந்த ஈஸ்ட் நீலமாகும், உயிருள்ளது நிறமற்று இருக்கும். குழாயைக் கடந்தவற்றுக்கும் கடக்காதவற்றுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. அழுத்தக் கணுவில் நிற்கும் செல் அழுத்த அலையின் மிக அமைதியான இடத்தில் நிற்கிறது. இங்கே கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றித்தான்.

எண்ணெயை நீரில் நன்றாகக் கலக்கி, அதில் மணிகளையும் சேர்த்துவிட்டால் பார்க்க வேண்டிய காட்சி கிடைக்கும். மணிகள் நடுவுக்கு வருகின்றன, எண்ணெய்த் துளிகள் இரு சுவர்களுக்கும் விலகுகின்றன. எண்ணெயின் காரணி எதிர்க்குறி. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரெல் குழு இதையே 2000-களின் நடுப்பகுதியில் இரத்தத்தில் செய்துகாட்டியது. இதய அறுவையின்போது சேகரிக்கும் இரத்தத்தில் கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும், திரும்ப உடலில் ஏற்றினால் ஆபத்து. சிவப்பணுக்கள் நடுவில், கொழுப்பு ஓரத்தில் என்று பிரித்து, மூன்று கிளையாகப் பிரியும் வாய்க்காலில் நடுக்கிளையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1 மைக்ரான் மணிகளில்தான் முட்டியது. அவை நடுவுக்கு வராமல் சுழல ஆரம்பித்தன. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் ஒலி உராய்வால் இழக்கும் உந்தம் நீரையே மெல்லச் சுழலவைக்கும், ராலே 1884-இல் விளக்கிய அதே ஓட்டம். சுழலின் இழுப்பு துகளின் அளவைப் பொறுத்ததல்ல, தள்ளும் விசையோ அளவோடு சரிந்துவிடுகிறது. 2 மெகாஹெர்ட்ஸில் பாலிஸ்டைரீனுக்கு அந்த இரண்டும் சமமாகும் எல்லை ஏறக்குறைய 2 மைக்ரான். பாக்டீரியா சென்சார் கட்ட நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை, பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்த எல்லைக்குக் கீழேதான்.

தாண்ட வழிகள் உண்டு. லுண்ட் குழுவும் டென்மார்க்கின் இயற்பியலாளர் ஹென்ரிக் புரூஸும் சேர்ந்து 2014-இல், சதுர வாய்க்காலில் இரு திசைகளையும் ஒரே நேரத்தில் அதிரவைத்தால் நான்கு சுழல்களுக்குப் பதில் ஒரே பெரிய சுழல் உருவாகி, அரை மைக்ரான் துகளும் ஈ.கோலை பாக்டீரியாவும்கூட நடுவுக்கு வந்து சேரும் என்று காட்டினார்கள். என் குழாயில் இரண்டு அதிர்வெண்களும் விலகியிருப்பதால், மாறிமாறிக் கொடுக்கும் என் ஏற்பாட்டில் அந்த ஒற்றைச் சுழல் வருவதில்லை. அகலமும் உயரமும் இன்னும் நெருங்கிய கேப்பிலரியைப் பலவற்றிலிருந்து தேடி எடுக்க வேண்டும்.

தானாகத் திருத்திக்கொள்வது

கடைசியாகச் சேர்த்தது ஒரு சிறு நிரல். சுத்த நீரிலிருந்து 0.9 சதவீத உப்புக் கரைசலுக்கு மாறினாலே ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஏறிவிடும், அதாவது பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகர்வு. பெல்டியர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. ஒவ்வொரு மாதிரிக்கும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து தேடவும் முடியாது.

கோடு நன்றாக இருக்கிறதா என்பது சென்சாருக்கே தெரியும். கோடு மெலிதாக இருந்தால் பள்ளங்களின் அகலத்தில் வேறுபாடு குறைவு, கலைந்தால் அதிகம். மைக்ரோகன்ட்ரோலர் அறுபது எழுபது பள்ளங்களைச் சேர்த்து அகலங்களின் பரவலைக் கணக்கிடுகிறது. பிறகு ஒரு அதிர்வெண்ணை 2 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தி, குழாயின் பழைய நீர் கடந்து போகும்வரை பொறுத்து, மறுபடி கணக்கிடுகிறது. பரவல் குறைந்தால் அதே திசையில் தொடர்கிறது, கூடினால் திரும்புகிறது. அகலத்துக்கு ஒரு சுற்று, உயரத்துக்கு ஒரு சுற்று. பள்ளங்களின் எண்ணிக்கையையே அளவாக வைக்கலாமே என்றால், அறுபது துகள் எண்ணும்போது தற்செயலாகவே எட்டுக் கூடும் குறையும், சின்ன மாற்றம் அதில் மூழ்கிப்போகும். அகலத்தின் பரவல் அதைவிட நுணுக்கமானது. செல்களை ஓட்டும்போதும் இது பலிக்கிறது. செல்லின் அளவு வேறுபாடு பள்ளத்தின் ஆழத்தை நிறைய மாற்றும், அகலத்தைக் கொஞ்சமே மாற்றும்.

உப்புக் கரைசலை விட்டுச் சோதித்தபோது, நிரல் சில நிமிடங்கள் தடவித் தடவி ஏறி, இரண்டு அதிர்வெண்களையும் கணக்கு சொல்லும் இடத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு எல்லை மட்டும் வைத்திருக்கிறேன்: தேடல் ஆரம்ப இடத்திலிருந்து 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகினால் நிறுத்திவிட்டு எச்சரிக்கை விளக்கைப் போடும். அவ்வளவு விலகல் வந்தால் காரணம் பெரும்பாலும் குழாயில் நிற்கும் குமிழிதான், அதைச் சிரிஞ்சால் தள்ளி வெளியேற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.